பட்டுத் துணியில் வைத்த கணினி

என் கணவர் பத்திர எழுத்தர். உத்திரமேரூர் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிர்ச்சாரியில், ஜெராக்ஸ் கடைக்கும் தேநீர்க் கடைக்கும் நடுவே, தகரக் கூரையின் கீழ் அவருடைய மேசை இருந்தது. நிலத்தை விற்பவரும் வாங்குபவரும், மக்களுக்கு எழுதிவைக்க வந்தவரும் அந்த மேசைக்கு முன்னால் உட்கார்ந்து தங்கள் காரியத்தைச் சொல்வார்கள். அவர் கேட்டுக்கொண்டே தன் தடித்த பழைய மடிக்கணினியில் தட்டச்சு செய்வார். முடிந்ததும் அச்செடுத்து, முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை உரக்கப் படித்துக் காட்டுவார். எழுதிக் கொடுப்பவர் படிக்கத் தெரியாதவராக இருந்தால், படித்துக் காட்டக் கேட்டு ஒப்புக்கொண்டதாகப் பத்திரத்தின் முடிவில் ஒரு வரி வரும். பல மேசைகளில் அந்த வரி மட்டும்தான் வரும்; படிப்பது நடக்காது. அவர் மேசையில் நடந்தது. படித்து முடித்த பிறகே அவர் ‘எழுதியவர்’ என்ற இடத்தில் கையெழுத்துப் போடுவார்.

கண்ணில் அழுத்தம் என்று மருத்துவர் சொன்னபோது ஏற்கெனவே பாதிப் பார்வை போயிருந்தது. அது ஓரங்களிலிருந்து போகும் நோய். நடுவில் தெரிகிறவரை ஆளுக்குத் தெரிவதில்லை. மேசையின் விளிம்பில் வைத்த தேநீர்க் குவளையை அவர் அடிக்கடி தட்டிவிட்டதை நான் கவனக்குறைவு என்று நினைத்துக் கடிந்துகொண்டிருக்கிறேன். இரண்டு ஆண்டுகளில் நடுவில் இருந்ததும் போயிற்று.

அதன் பிறகு சில மாதங்கள் அவர் சொல்ல நான் எழுதினேன். நான் ஊர்ப்புற நூலகர். வாழ்நாளெல்லாம் எழுத்தோடு புழங்கியவள் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. மாலை நேரங்களில் அவர் வாசகத்தைச் சொல்வார், நான் தட்டச்சு செய்து திரும்பப் படித்துக் காட்டுவேன். ஒரு பத்திரத்தில் நிலத்தின் நான்கு எல்லைகளைச் சொல்லும் இடத்தில் இரண்டு வரிகள் ஏறக்குறைய ஒரே மாதிரி முடிந்தன. என் கண் முதல் வரியிலிருந்து மூன்றாவது வரிக்குத் தாவிவிட்டது. எழுதும்போது ஒரு எல்லை விடுபட்டது. படிக்கும்போதோ, மனத்தில் இருந்ததையே படித்தேனே தவிர, தாளில் இருந்ததை அல்ல. பதிவும் முடிந்துவிட்டது. பிறகு அந்தக் குடும்பம் பிழைதிருத்தல் பத்திரம் எழுத மறுபடி அலைய நேர்ந்தது.

அவர் என்னை ஒரு சொல் சொல்லவில்லை. “நான் படிக்காத பத்திரத்துக்கு நான் கையெழுத்துப் போட்டது தப்பு” என்றார். மறுநாள் மேசையை வீட்டுக்குத் தூக்கிவரச் சொல்லிவிட்டார். ஓராண்டு அந்த மேசையின் மேல் துவைத்த துணிகள் மடித்து வைக்கப்பட்டன.

*

அந்தக் கணினி ஊமை இல்லை. செங்கல்பட்டில் பார்வையற்றவர்களுக்கான ஒரு பயிற்சிக்கு நான்கு வாரம் போய்வந்தபோது, அதில் லினக்ஸ் என்ற திறந்த மூல இயங்குதளத்தை நிறுவிக் கொடுத்திருந்தார்கள். கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து. படங்களோ சன்னல்களோ கிடையாது. திரையில் ஒரு வரி வந்தால் அது வாய்விட்டுச் சொல்லும். ஆனால் ஆங்கிலம் மட்டுமே சொன்னது. தமிழ் எழுத்து வந்தால் மௌனமாகத் தாண்டிப் போகும்.

புதிய கணினி வாங்கிவிடலாமே என்று வந்தவர் போனவரெல்லாம் சொன்னார்கள். நானும் சொன்னேன். அவர் அந்தப் பழைய கணினியின் விசைகளைத் தடவிக்கொண்டே கேட்டுக்கொள்வார். பார்வை இருந்த காலம் முழுக்கத் தமிழில் தட்டியது அந்த விசைகளில்தான். எந்த விசை ஆழமாக இறங்கும், எது சற்றே சாய்ந்திருக்கும் என்பதெல்லாம் அவர் விரலுக்குத் தெரியும். கைப்பேசியின் கண்ணாடியில் அவர் விரல் வழுக்கிக்கொண்டே இருந்தது. உடம்பில் மிச்சமிருந்த ஒரே தொழில் ஞாபகம் அந்த விசைப்பலகையில்தான் இருந்தது என்பதை நான் தாமதமாகவே புரிந்துகொண்டேன்.

நூலகத்தில் கூட்டமில்லாத மதியங்களில் நான் படிக்கத் தொடங்கினேன். திரையில் வரும் எழுத்தைக் குரலிடம் ஒப்படைக்கும் பகுதி, கெர்னல் எனப்படும் இயங்குதளத்தின் கருவிலேயே இருக்கிறது என்று அறிந்தேன். அதன் பழைய வடிவங்களுக்கு ஆங்கில எழுத்துகள் மட்டுமே தெரியும். பிற்பாடு வந்த வடிவங்களுக்கு உலகின் மற்ற எழுத்துகளும் தெரியும் என்றும் அறிந்தேன். தமிழ் பேசக் குரலுக்கு ஏற்கெனவே தெரியும்; ஆக, புதிய கெர்னல் ஒன்று போதும். ஆனால் ஆயத்தமாகக் கிடைத்த புதிய கெர்னல்களை எங்கள் கணினி ஏற்கவில்லை. அதன் செயலி அவ்வளவு பழையது. தேவையான ஒரு வசதி இந்தச் செயலியில் இல்லை என்று ஒரே வரி எழுதிவிட்டு நின்றுவிடும்.

மூல நிரல் மட்டும் யாரும் எடுத்துக்கொள்ளும்படி திறந்து கிடந்தது. அதில் பழைய செயலிகளுக்கான வழியை இன்னும் யாரும் அடைத்துவிடவில்லை. அந்த நிரலை எடுத்து, எங்கள் செயலிக்கு ஏற்றபடி நாமே கம்பைல் செய்துகொள்ள வேண்டும். அதாவது மனிதர் எழுதிய பல்லாயிரம் கோப்புகளை ஒவ்வொன்றாக இயந்திரத்துக்குப் புரியும் வடிவத்துக்கு மாற்றி, கடைசியில் எல்லாவற்றையும் ஒன்றாகக் கோக்க வேண்டும். அதை அந்தக் கணினியே தனக்காகச் செய்துகொள்ளும். வேகம்தான் இல்லை.

இதை அவரிடம் சொன்னபோது, “நம்ம ஊரு கோயில் செவுத்துல சட்டத்த வெட்டி வெச்சிக்கிறா மாதிரியா? யார் வேணா படிக்கலாம்னு?” என்று கேட்டார்.

“ஆமாம். ஆனா இது ரொம்ப நீளம்.”

“நீ படிக்கிற ஆளுதான” என்றார்.

*

அந்தப் புரட்டாசியில் ஒரு அம்மாள் வீட்டுக்கு வந்தார். ஏரிக்கு அந்தப் பக்கத்து ஊர். அறுபது வயதுக்கு மேல். மற்றவர் நிலத்தில் நாற்று நட்டும் களை பறித்தும் வாழ்ந்தவர். பல ஆண்டுகளுக்கு முன் அவர் ஒரு சிறு மனை வாங்கியபோது கிரையப் பத்திரம் எழுதிக் கொடுத்தவர் என் கணவர். இப்போது அந்த மனையை மகளுக்குத் தான செட்டில்மெண்டாக எழுதிவைக்க வேண்டும் என்று வந்திருந்தார். மேசை இருந்த இடத்தில் விசாரித்து, வீட்டைத் தேடி நடந்தே வந்துவிட்டார்.

“நைனா, வூட்லதான் கீறியா? அங்க ஆளக் காணமேன்னு தேடிக்கினு வரேன்.”

“வாம்மா. எனக்குக் கண்ணு போயிட்ச்சும்மா. இப்போ எழுதறதில்ல. பக்கத்து மேசையில நல்ல ஆளு கீறாரு, அவர்கிட்ட…”

“கண்ணுதான போச்சு? வாயும் போச்சா?” அந்த அம்மாள் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். “அன்னிக்கு நீ படிச்சிக் காட்டின. எனக்கு ஒரு எய்த்து தெரியாது. நாலு பக்கமும் இன்னா இன்னா கீதுன்னு நீ சொல்லச் சொல்ல, நான் கண்ண மூடிக்கினு மனையச் சுத்தி நடந்து வந்தேன். சரியாக் கீதுன்னு அப்புறம்தான் கைநாட்டு வெச்சேன். அத மாதிரி வேற எவன் படிப்பான்?”

“எங்க வூட்டம்மா படிப்பா.”

அந்த அம்மாள் என்னைப் பார்த்தார். நான் வேறு பக்கம் பார்த்தேன். விடுபட்ட எல்லை எங்கள் இருவருக்கும் நடுவே இருந்தது. அவருக்கு அது தெரியாது.

“நீ எய்தி நீ படி, நைனா. இல்லன்னா நான் சும்மா இருந்துட்றேன். விஜயதசமி அன்னிக்கு எய்துனா நல்லதுன்னு பொண்ணு சொல்லிச்சு. அதுக்கு மறுநாள் ஆபீசு தெறக்கும்போது பதிஞ்சிடலாம்.”

அவர் போன பிறகு என் கணவர் கணினியின் விசைகளைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு, “விஜயதசமிக்குள்ள அது தமிழ் படிக்குமா?” என்று கேட்டார்.

“படிக்கும்” என்றேன். எனக்கே உறுதியில்லாமல்தான் சொன்னேன்.

“படிச்சா எழுதறேன். படிக்கலன்னா அந்த எழுத்தர் லைசென்ஸத் திருப்பிக் குட்த்துடறேன். வெச்சிக்கினு இன்னா பண்றது. ஒவ்வொருத்தரும் வந்து கேக்கக் கேக்க, இல்லன்னு சொல்றது எனக்குக் கஷ்டமா கீது.”

*

ஆயுத பூசைக்கு மூன்று நாள் முன்பு தொடங்கினேன். முதலில், கெர்னலில் எவையெல்லாம் வேண்டும், எவை வேண்டாம் என்று ஒரு நீண்ட பட்டியலில் தேர்ந்தெடுக்க வேண்டும். அறிந்தவர்கள் தேவையற்றதை நீக்கிவிடுவார்கள். சில மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும். குரலுக்கு உரிய பகுதியை மட்டும் மாற்றிக்கொள்ளவும் வழி உண்டோ என்னவோ, அன்று எனக்குத் தெரியாது. எதை நீக்கலாம் என்று தெரியாததால் நான் எதையும் நீக்கவில்லை. ஒரு நூலகத்தில் யாரும் எடுக்காத புத்தகத்தைக்கூடக் கழிக்க மனம் வராது எனக்கு. எங்கள் வீட்டுக்கு ஒருபோதும் வரப்போகாத கருவிகளுக்கெல்லாம் அந்தப் பழைய கணினி உட்கார்ந்து நிரல் மாற்றிக்கொண்டிருந்தது.

கணினியின் மின்கலம் செத்து வெகுகாலம் ஆகியிருந்தது. மின்சாரம் போனால் நின்றுவிடுமே என்று பயந்து இன்வெர்ட்டர் இணைப்பில் மாட்டினேன். அடியில் காற்று போவதற்காக இரண்டு மரச் சட்டங்களை வைத்தேன்.

ஒவ்வொரு கோப்பு முடியும்போதும் திரையில் ஒரு வரி வரும். அதன் குரல் அதைப் படிக்கும். “சி சி” என்று தொடங்கி, ஒரு கோப்பின் பெயரை மூக்கால் சொல்லி முடிக்கும். முதல் நாள் முழுக்க வீட்டில் அதுதான். சமையல் அறையில் எனக்குக் கேட்கும். கூடத்தில் அவர் நாற்காலியைக் கணினிக்கு அருகே இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பார். சிறு கோப்புகள் வரிசையாக வந்தால் குரல் மூச்சு விடாமல் பேசும். பெரிய கோப்பு வந்தால் ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் மௌனமாக இருக்கும்.

“தூங்கிட்ச்சா?” என்பேன்.

“இல்ல. யோசிக்குது” என்பார். மேல்மூடியில் உள்ளங்கையை வைத்துச் சூட்டைப் பார்ப்பார். விசிறியின் சத்தத்தைக் கேட்டு, வேலை கடினமா எளிதா என்று சொல்லிவிடுவார். இரண்டாம் நாளில், எந்தப் பிரிவு எவ்வளவு நேரம் எடுக்கும் என்று ஒரு கணக்கே அவர் மனத்தில் உருவாகியிருந்தது. ஓராண்டாகச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தவர், அந்த மூன்று நாளும் ஒரு காரியத்தில் இருந்தார். பக்கத்து வீட்டுப் பெண் வந்து, “இன்னாக்கா, உங்க வூட்ல நாளெல்லாம் எவனோ சீ சீன்னு திட்டிக்கினு கீறான்?” என்று கேட்டபோது அவர் சத்தமாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டு நான் அடுப்பைச் சிறிதாக்கிவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா நின்றேன்.

*

எங்கள் வீட்டில் ஆயுத பூசையன்று தொழில் கருவிகளைத் துடைத்து, சந்தனம் குங்குமம் இட்டுப் பூசையில் வைப்போம். மறுநாள் காலை மறுபூசை செய்த பிறகே எடுப்போம். அதுவரை யாரும் தொடுவதில்லை. அவருடைய பேனா, முத்திரைப் பெட்டி, ஸ்கேல், என் நூலகத்து ரப்பர் முத்திரை, பழைய அரிவாள்மனை எல்லாம் அந்த வரிசையில் இருக்கும். கணினியும் ஆண்டுதோறும் இருக்கும்.

அன்று காலையில் கணினிக்கு இன்னும் அரைநாள் வேலை இருந்தது. நிறுத்திப் பூசையில் வைத்தால் ஒரு முழு நாள் போய்விடும். வைக்காமல் விடவும் மனமில்லை; அந்த ஆண்டு மற்ற எல்லாக் கருவிகளையும்விட அதற்குத்தான் நான் பூசை செய்ய விரும்பினேன். எனக்கு ஒரு யோசனை தோன்றியது. ஓடிக்கொண்டிருக்கும்போதே பூசையில் வைத்துவிடலாம். தொடக் கூடாது என்பது நம் கைக்குத்தான். அது தானாக வேலை செய்வதை எந்தச் சாத்திரமும் தடுக்கவில்லை. இந்தச் சாமர்த்தியத்தை அவரிடம் சொன்னபோது, “வக்கீலுக்குப் படிச்சிருக்கலாம் நீ” என்றார்.

புத்தகங்களை வைப்பதற்காக எப்போதும் ஒரு பட்டுத் துணியை மடித்துப் போடுவேன். அந்த ஆண்டு கணினிக்காகப் பெட்டியிலிருந்து என் கூறைப் புடவையை எடுத்து நான்காக மடித்தேன். மரச் சட்டங்கள் பூசையில் அசிங்கமாகத் தெரிந்தன. அவற்றை எடுத்துவிட்டு, கணினியை அப்படியே பட்டின் மேல் வைத்தேன். மேல்மூடியின் நடுவில் சந்தனப் பொட்டு இட்டேன். ஓரத்தில் ஒரு முழம் சாமந்தி வைத்தேன். குரல் “சி சி” என்றது. எனக்கு அது மந்திரம் போலவே இருந்தது.

சூடம் ஏற்றி மணியை எடுத்தேன். என் கணவர் கைகூப்பி நின்றிருந்தவர், தலையைச் சாய்த்தார்.

“இரு. ஃபேன் சத்தம் மாறிட்ச்சு.”

“மணிச் சத்தம்தாங்க அது” என்று சொல்லி, இன்னும் பலமாக ஆட்டினேன்.

மணி நின்றபோது வீடு மிக அமைதியாக இருந்தது. ஒரு கோப்பின் பெயரைப் பாதி சொல்லி, குரல் நின்றிருந்தது. விசிறியும் நின்றிருந்தது. திரை இருண்டிருந்தது.

“நின்னு போச்சு” என்றார் அவர். பிறகு, “இன்னாத்து மேல வெச்ச?” என்று கேட்டார்.

“கூறைப் புடவை மேல.”

“அதுக்குக் கல்யாணமே பண்ணி வெச்சிட்டியா.”

நான் மடிப்புக்குள் விரலை நுழைத்துப் பார்த்தேன். பட்டு, இஸ்திரிப் பெட்டியை வைத்து எடுத்தது போலக் கொதித்தது. அடிப்பக்கத்துக் காற்றுத் துளைகள் எல்லாவற்றையும் நான் பட்டால் அடைத்திருந்தேன். சூடு தாங்காமல் அது தன்னையே அணைத்துக்கொண்டது. மின்வெட்டுக்கு அஞ்சி இன்வெர்ட்டர் வரை யோசித்தவள், இதை யோசிக்கவில்லை. ஒரு வரியைத் தாண்டிய கண் நினைவுக்கு வந்தது. இரண்டாம் முறையும் நானே.

கணினியை எடுத்துச் சட்டங்களின் மேல் வைத்து உடனே தொடங்கிவிடலாம் என்று கையை நீட்டினேன். அவருக்கு எப்படித் தெரிந்ததோ, “தொடாத” என்றார்.

“இன்னிக்கு விட்டா நாளைக்கு முடியாது.”

“பூசையில வெச்சாச்சு. நாளைக்கு எடுப்போம். அதுவும் மூணு நாளா உயிர விட்டுக்கினு கீது. ஒரு நாள் ஆறட்டும்.”

அதில் கோபம் இல்லை. நான் அன்று முழுதும் அந்தச் சந்தனப் பொட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவர் நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

*

விஜயதசமியன்று விடிந்ததும் மறுபூசை செய்து, பட்டை எடுத்து மடித்து வைத்துவிட்டு, கணினியைச் சட்டங்களின் மேல் வைத்து இயக்கினேன். அது எழுந்தது. கம்பைலை மீண்டும் தொடங்கச் சொன்னேன். முடிந்த கோப்புகளை அது மறுபடி செய்வதில்லை. எது முடிந்தது, எது முடியவில்லை என்று தானே பார்த்து, நின்ற இடத்திலிருந்து தொடரும். சில நிமிடங்களில் குரல் “சி சி” என்றது. அவர் நாற்காலி கணினிப் பக்கம் திரும்பியது.

பதினோரு மணிக்கு அந்த அம்மாள் வந்துவிட்டார். குளித்து, தலையில் பூ வைத்து, பழைய கிரையப் பத்திரத்தை ஒரு மஞ்சள் பையில் சுருட்டிக் கொண்டுவந்திருந்தார். நான் காபி கொடுத்து, இன்னும் கொஞ்ச நேரம் ஆகும் என்றேன்.

எல்லாக் கோப்புகளும் முடிந்து, அவற்றை ஒன்றாகக் கோக்கும் கட்டம் பன்னிரண்டரைக்கு வந்தது. கோக்கும்போது நின்றது. ஒரு கோப்பின் பெயரைச் சொல்லி, அதன் வடிவம் அடையாளம் தெரியவில்லை என்று ஒரு பிழை. மறுபடி ஓட்டினேன். அதே இடத்தில் அதே பிழை.

“இன்னாம்மா இது, வேவாத கெயங்கு மாதிரி கீது” என்றார் அந்த அம்மாள்.

“இன்னும் கொஞ்ச நேரம்மா.”

“வந்ததுலேர்ந்து நீ அதான் சொல்ற. எனக்கு நாலரைக்கு வண்டி.”

எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்குவது ஒரு வழி. அதற்கு மீண்டும் நான்கு நாள். என் கணவர் கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். லைசென்ஸ் அட்டை மேசை இழுப்பறையில் இருந்தது. அதை அவர் முந்தின நாள் எடுத்துத் தடவிப் பார்த்து வைத்ததை நான் பார்த்திருந்தேன்.

அந்தக் கோப்பு முடிந்துவிட்டது என்று கணினி நினைக்கிறது; ஆனால் அது சரியாக இல்லை. எதை வைத்து முடிந்தது என்று நினைக்கிறது? இந்தக் கேள்வியோடு இருந்தபோது எனக்கு என் வேலை நினைவுக்கு வந்தது. ஆண்டுக்கு ஒரு முறை நூலகத்தில் இருப்புச் சரிபார்ப்போம். சோம்பல் உள்ளவர்கள் அலமாரிக்குப் போக மாட்டார்கள். பதிவேட்டில் பெயரும் தேதியும் இருந்தால் புத்தகம் இருப்பதாக எழுதிவிடுவார்கள். எடுத்துப் பார்த்தால் அட்டை மட்டும் இருக்கும், உள்ளே தாள் இருக்காது. இந்தக் கணினியும் கோப்பின் பெயரையும் தேதியையும்தான் பார்க்கிறது. உள்ளே என்ன இருக்கிறது என்று திறந்து பார்ப்பதில்லை. பூசையில் அது அணைந்த நொடியில் எழுதிக்கொண்டிருந்த கோப்புகளுக்குப் பெயரும் தேதியும் விழுந்திருக்கும். உள்ளடக்கம் வட்டில் போய்ச் சேர்ந்திருக்காது.

அளவு சுழியமாக இருக்கும் கோப்புகளை மட்டும் தேடச் சொன்னேன். பதினொன்று வந்தன. பதினொன்றும் வெற்று அட்டைகள். எல்லாம் மணி அடித்த அந்த நேரத்துத் தேதியும் மணியும் தாங்கியிருந்தன.

“இன்னா ஆச்சு?” என்றார் அவர், என் மூச்சு மாறியதைக் கேட்டு.

“காலியா பதினோரு கோப்பு. அத மட்டும் அழிச்சிட்டு மறுபடி செய்யச் சொல்றேன்.”

“அத மட்டும் போதுமா?”

“போதும்னு நினைக்கிறேன்.”

பதினொன்றையும் பெயர் பெயராகப் படித்து, இரண்டு முறை சரிபார்த்து அழித்தேன். ஒரு வரியையும் தாண்டவில்லை. மறுபடி ஓடியது. பதினோரு முறை “சி சி” என்றது. என் கணவர் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். பிறகு நீண்ட மௌனம். கோக்கிறது. அந்த அம்மாளுக்கு இலை போட்டுச் சோறு பரிமாறினேன். அவர் சாப்பிட்டுக் கைகழுவி வந்தபோது, கெர்னல் ஆயத்தம் என்ற வரியைக் குரல் படித்தது. அதை உரிய இடத்தில் நிறுவிக் கணினியை அணைத்து இயக்க மணி மூன்றாகிவிட்டது.

*

விசைப்பலகையைத் தமிழுக்கு மாற்றும் ஏற்பாட்டை நான் முன்பே செய்துவைத்திருந்தேன். அவர் மேசையருகே வந்து உட்கார்ந்தார். மேசை மேல் இருந்த துணிகளை நான் அன்று காலையிலேயே எடுத்திருந்தேன். அவர் விரல்கள் விசைகளின் மேல் ஒரு கணம் நின்றன. ஒரே ஒரு சொல் தட்டினார். ‘நிலம்.’

“நிலம்” என்றது குரல். தட்டையாக, உணர்ச்சியே இல்லாமல். ஆனால் தமிழில்.

அவர் அந்தச் சொல்லை அழித்துவிட்டுப் பத்திரத்தைத் தொடங்கினார். அந்த அம்மாளிடம் பெயர்களைக் கேட்டுக் கேட்டுத் தட்டினார். முப்பது ஆண்டு எழுதிய வாசகம் விரலில் இருந்தது. நான் வழக்கம்போல் அவர் தோளுக்குப் பின்னால் நின்று திரையைப் பார்த்தேன்; பிழை இருந்தால் சொல்லலாம் என்று. திரையில் எழுத்தே இல்லை. அந்தக் கறுப்புத் திரைக்குத் தமிழைக் காட்டும் எழுத்துரு கிடையாது. ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு சிறு வெற்றுக் கட்டம், வரி வரியாக, பக்கம் முழுக்க. குரலுக்குத் தெரிந்தது திரைக்குத் தெரியவில்லை.

“சரியா வருதா?” என்று கேட்டார்.

“எனக்குப் படிக்கத் தெரியல. வெறும் கட்டமா தெரியுது” என்றேன்.

அவர் முகம் திரும்பியது. “அப்ப நான் மட்டும்தான் படிக்க முடியுமா?”

“நீங்க மட்டும்தான்.”

அவர் காதொலிப்பானை எடுத்து மாட்டிக்கொண்டார். குரல் இப்போது அவருக்கு மட்டும் கேட்டது. முதல் வரிக்குப் போய் அதைக் கேட்டார். கேட்டுவிட்டுத் தன் சொந்தக் குரலில், பழைய மேசையில் படித்த அதே உரத்த குரலில், அந்த அம்மாளுக்குப் படித்துக் காட்டத் தொடங்கினார். ஒரு வரி கேட்பார், ஒரு வரி படிப்பார். அந்த அம்மாள் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். எல்லைகள் வந்தபோது அந்த அம்மாளின் தலை மெல்லத் திரும்பியது.

“ஏரிக்கால்வாய்க்கு மேற்கு. பொதுப் பாதைக்கு வடக்கு.”

“உம்.”

“புளியமரத்து வீட்டு மனைக்குக் கிழக்கு.”

“உம். புளியமரம் போன மழையில விய்ந்துட்ச்சு. வூடு கீது.”

“மரத்த எடுத்துடட்டுமா?”

“எடுத்துடு, நைனா. இல்லாதத எதுக்கு எய்தணும்.”

அவர் அந்த இடத்துக்குப் போய்த் திருத்தினார். திருத்தியதை மறுபடி கேட்டார். பிறகு நான்காவது எல்லையைப் படித்தார். நானும் விரல்விட்டு எண்ணினேன். நான்கும் இருந்தன.

அந்த அம்மாள் கண்ணைத் திறந்தார். “சுத்தி வந்துட்டேன்” என்றார். “சரியாக் கீது.” மஞ்சள் பையைச் சுருட்டிக்கொண்டு எழுந்தார். நாளைக் காலை அலுவலகத்தில் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு வண்டிக்கு விரைந்தார்.

என் கணவர் காதொலிப்பானைக் கழற்றவில்லை. மறுபடி முதல் வரிக்குப் போனார். இந்த முறை யாருக்காகவும் அல்ல. இழுப்பறையைத் திறந்து, லைசென்ஸ் அட்டையைத் தேடி எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். நாளை அச்செடுக்கப் பென்டிரைவ் எடுத்துவை என்றார். “மேசையத் தூக்க ஒரு வண்டி சொல்லணும்” என்றார் பிறகு.

நான் சரி என்று சொல்லிவிட்டு, மேல்மூடியில் காய்ந்திருந்த சந்தனத்தை ஈரத் துணியால் துடைக்கப் போனேன். கை நீட்டியதும் நிறுத்திக்கொண்டேன். அவர் இன்னும் படித்துக்கொண்டிருந்தார்.